தம்பியிடம் கேட்காதது

என் தம்பி தன் மகனுக்கு என் மகளைக் கேட்டு வந்த அன்று நான் அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தான். காப்பி போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

வெளியாட்கள் பெண் கேட்டு வந்தால் அப்படி விடமாட்டோம். அவர்கள் தெருவுக்கே போய் விசாரிப்போம். பையன் குடிக்கிறானா, வீட்டில் தீராத நோய் யாருக்காவது உண்டா, செத்தவர்கள் எதனால் செத்தார்கள் என்று மளிகைக் கடைக்காரர் வரைக்கும் கேட்போம். சொந்தத் தம்பி வீட்டைப் பற்றி யாரிடம் போய் விசாரிப்பது? அவனை இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றுதான் அஞ்சாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள்.

நானும் சுலபமாக வாய் திறக்கிறவள் இல்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும் கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சம். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். தம்பிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

மகளுக்கு முதலில் ஆண் குழந்தை. ஒரு வயதில் நன்றாகத்தான் நடந்தான். மூன்று வயதுக்கு மேல் நடை தள்ளாட ஆரம்பித்தது. நின்ற இடத்திலேயே விழுவான். அப்புறம் கண்ணும் மங்கியது. தட்டில் இருக்கிற இட்லியைக் கை தேடும். சித்தூரில் சத்துக் குறைவு என்று டானிக் கொடுத்தார்கள். மலைக்குப் போய் மொட்டை போட்டோம். கடைசியில் யாரோ சொல்லி, திருப்பதியில் இந்த மாதிரி வியாதிகளை ஆராய்ச்சி செய்கிற ஒரு டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தோம்.

அவர் தெலுங்குக்காரர். தமிழும் பேசுவார். மகளையும் மருமகனையும் பார்த்தவுடன், "மேனரிகமா?" என்றார். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இதே மாதிரி உங்க வீட்ல வேற பிள்ளை யாராச்சும் இருந்தாங்களா? யோசிச்சு சொல்லுங்க."

தம்பி முந்திக்கொண்டான். "எங்க வம்சத்துல அல்லாரும் கல்லு மாதிரி இருப்பாங்க டாக்டரம்மா. என்னியே பாருங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். மருமகன் மட்டும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாதியைப் பற்றி அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி புரிந்துகொண்டேன். உடம்புக்குள் ஒவ்வொரு செல்லிலும் புரோட்டீன்கள் இருக்கின்றன. வேலைக்கு ஆகாததன்மேல் ஒரு அடையாளம் ஒட்டும். அடையாளம் ஒட்டியதை உடம்பே அழித்துவிடும். ஆனால் சில சமயம் நல்லதன்மேலும் ஒட்டிவிடும். அதை எடுத்துவிட்டு அந்தப் புரோட்டீனைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு என்சைம் இருக்கிறது. எங்கள் புத்தலப்பட்டில் ரோடு அகலப்படுத்தியபோது மரங்களுக்கு வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டார்கள். நம்பர் போட்டதெல்லாம் வெட்டப்பட்டது. டீக்கடைக்காரர் ஒருவர் தன் கடை முன்னால் இருந்த புளியமரத்து நம்பரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டார். அந்த மரம் இன்னும் நிற்கிறது. என் பேரன் உடம்பில் துடைக்கிற ஆள் இல்லை. நல்ல மரமெல்லாம் போகிறது.

பேரன் கையிலிருந்து மிளகு அளவுக்குத் தோல் எடுத்தார்கள். அதைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பார்களாம். அவன் ரத்தத்தில், ஜீனில், ஓரிடத்தில் ஒரு மாற்றம் பார்த்திருக்கிறார்கள். வியாதி அதனால்தானா என்று உறுதியாகத் தெரியவில்லை. தட்டில் வளர்கிறதில் அந்த இடத்தை மட்டும் வெட்டித் திருத்திப் பார்ப்பார்கள். திருத்தியதும் அந்த என்சைம் வேலை செய்தால் அதுதான் காரணம்.

இதற்கு நடுவில் மகள் மறுபடியும் உண்டானாள். டாக்டரம்மாவிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "வயித்துல இருக்கறதுக்கும் அப்படியா இல்லியான்னு பாத்து சொல்லுங்க மேடம். தெரியாம என்னால பெத்துக்க முடியாது."

"எதைத் தேடணும்னு உறுதியானாத்தான்மா தேட முடியும். தட்டுல பண்றதுக்கு நாளாகும். உங்க குடும்பத்துல இன்னொரு பிள்ளைக்கு இதே மாதிரி இருந்திருந்தா சீக்கிரம் தெரிஞ்சிடும். நீங்கதான் யாரும் இல்லைன்னு சொல்றீங்களே."

அடுத்த நாள் மருமகன் மாட்டுக்குத் தவிடு இறக்கப் போகிற வழியில் என் வீட்டில் நின்றான். உள்ளே வரவில்லை. "அத்தை, எனக்கு ஒரு அக்கா இருந்துச்சு இல்ல. பெங்களூர்ல. அதுவும் இப்படித்தான் உழுந்து உழுந்து எழுந்துக்கும். நைனா தோள் மேலியே தூக்கிகினு போவாரு. அதப் பத்தி வாயத் தொறக்கக்கூடாதுன்னு சின்னதுலயே அடிச்சி வெச்சிட்டாரு." சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தம்பி அந்த நாளில் பெங்களூரில் கல் கம்பெனியில் வேலை செய்தான். அந்தப் பெண்ணைக் காது குத்தின அன்று பார்த்தேன், கைக்குழந்தை. பிறகு காய்ச்சலில் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கேயே புதைத்துவிட்டார்கள். நான் அழுதேன். என்ன காய்ச்சல் என்று கேட்கவில்லை.

தம்பியைத் தேடிக்கொண்டு அதே டீக்கடைக்குப் போனேன். புளியமரத்தடி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பன் துன்னுகினு இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பெங்களூர்ல போன பொண்ணுக்கு இன்னாடா?"

பன்னைக் கீழே வைத்தான். அப்புறம் தானாகவே கொட்டினான்.

"பெரியாஸ்பத்திரில சொன்னாங்கக்கா. இது ரத்தத்துல வர்றது, உங்க ரெண்டு பேர் வழியிலயும் இருக்குது, பையனுக்கு மட்டும் சொந்தத்துல பொண்ணு எடுத்துடாதீங்கன்னு."

அவன் பெண்டாட்டியும் எங்கள் தாய்மாமன் மகள்தான்.

"தெரிஞ்சிகினேவா வந்து என் பொண்ணைக் கேட்ட?"

"வெளியில எங்க போனாலும் விசாரிப்பாங்க. அந்தப் பொண்ணு எதனால போச்சின்னு தோண்டுவாங்க. நீ கேக்கமாட்ட. அதான் ஒங்கிட்ட வந்தேன்."

அவன் அதை என்னைப் புகழ்கிற மாதிரிதான் சொன்னான். டீ வந்தது. நான் அந்தக் கிளாஸைத் தொடவில்லை.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதக்கா. எங்க சின்னப் பொண்ணுக்கு அவ அம்மா வழியில மாப்ள பேசிகினு இருக்கோம். ராமகுப்பத்துப் பையன், ஸ்ரீசிட்டில கம்பெனி வேலை. இது வெளிய வந்தா போச்சி. நீ எப்பவும் போல இருந்துடு. அது போதும் எனக்கு."

அடுத்த முறை திருப்பதிக்கு நானும் மகளும் மட்டும் போனோம். டாக்டரம்மா அவளைப் பார்த்து முடித்துவிட்டார். அட்டெண்டர் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார். மகள் எழுந்துவிட்டாள். நான் எழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"செப்பண்டி அம்மா, சொல்லுங்க," என்றார் டாக்டரம்மா.

"இருந்துச்சு. தம்பி பொண்ணு. இதே மாதிரிதான்."

அவர் என்மேல் கோபப்படவில்லை. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். அங்கேயே போனை எடுத்துப் பேசினார். இந்த மாதிரி அபூர்வ வியாதி என்றால் ரத்தத்தை ஆராய்ச்சிக்கென்று எடுத்துவைத்திருப்பார்களாம். அந்தப் பெண்ணுடையதும் இருந்தது. எங்கள் யாரிடமும் ஒரு போட்டோகூட இல்லாத பிள்ளை.

வெளியே வந்ததும் மகள் என்னைச் சுவரோரம் நிறுத்தினாள்.

"எத்தினி நாளா தெரியும்மா ஒனக்கு?"

"போன வாரந்தான் தெரிஞ்சது."

"பொய் சொல்லாத. கல்யாணத்துக்கு முந்தியே தெரியுமா?"

"சத்தியமா தெரியாது."

"நீ எல்லாத்தையும் தெரிஞ்சிகினு பேசாமத்தான இருப்ப? எப்பதான் பேசியிருக்க?"

திரும்புகிற பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே இருந்தது. அவள் முன்னால் போய் வேறு ஒரு அம்மாவோடு உட்கார்ந்துகொண்டாள். தம்பி செய்தது நெஞ்சில் இறங்கியபோது வலித்தது. இது அதைவிட வலித்தது. அவள் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. வாய் திறக்காதவள் மனதில் ஒன்றும் இல்லை என்று யார் நம்புவார்கள்?

பெங்களூர் ரத்தத்தில் அதே மாற்றம் இருந்தது. மகள் வயிற்றில் பிள்ளையைச் சுற்றியிருக்கிற நீரை ஊசியில் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வருகிறவரை அவள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டு வைத்தால் துன்னுவாள். அவ்வளவுதான். பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு சட்டைகூடத் தைக்கவில்லை. வயிற்றின்மேல் கை வைப்பதில்லை.

ரிசல்ட் சொன்ன அன்று எல்லோரையும் கூப்பிட்டார் டாக்டரம்மா. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு பக்கத்து ஜீனில்தான் குறை, இன்னொரு பக்கம் நன்றாக இருக்கிறது, உங்களைப் போல அதுவும் நன்றாக நடக்கும் என்றார். மகள் மருமகன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

பிறகு டாக்டரம்மா கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினார். தட்டில் வளர்த்தது. ஒரு பக்கம் திருத்தாதது, ஒரு பக்கம் திருத்தியது. திருத்தியதில் அந்த என்சைம் வேலை செய்கிறதாம், பச்சையாக மின்னியது. பேரன் என் மடியிலிருந்து கண்ணைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனான்.

"ஆயா, அது நானா?"

"நீதாண்டா."

"அது கீழ உழாதா?"

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். தட்டில் செய்ததை உடம்பில் செய்ய இன்னும் யாருக்கும் வழி தெரியவில்லை, பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை என்றார் அவர். அவராவது சொன்னார்.

பெண் குழந்தை பிறந்தது. தீட்டுக் கழிந்ததும் தம்பி வந்தான். அன்றைக்கு மாதிரியே வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு பழம். நான் காப்பி போடவில்லை. அவன் அதைக் கவனிக்கவில்லை. பாயில் உட்கார்ந்து, அறைக்குள் இருந்த என் மகளுக்குக் கேட்கிற மாதிரி பேசினான்.

"எங்கக்காவுக்கு எம்மேல கோவம் இருக்காது. வாயே தொறக்கல பாரு. அவ மனசு எனக்குத் தெரியும்." குழந்தையைக் கொடு என்று இரண்டு கையையும் நீட்டினான்.

நான் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"சின்னதுக்குப் பேசிகினு இருக்கியே, ராமகுப்பத்துல. அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

கையை மடக்கிக்கொண்டான். பழத்தைப் பார்த்தான்.

"அவங்க கேக்கலக்கா."

"அவங்க வீட்டுக்கு எப்படிப் போவணும்?"

அவன் பழத்தை என் பக்கம் நகர்த்தினான். இன்னொரு தடவை கேட்டேன். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான்.

உள்ளேயிருந்து மகள் குரல் வந்தது. "சித்தூர் போயி குப்பம் பஸ் ஏறணும்மா. எறங்கற எடம் நான் சொல்றேன்."