பிரசங்கத்தில் தூங்கும் பொன்னுத்தங்கம்

போதகர் வசனத்தை வாசித்து முடித்து, "கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே" என்று தொடங்குவதற்குள், பொன்னுத்தங்கம் முக்காட்டை மூக்கு வரைக்கும் இறக்கிவிட்டுத் தூங்கிவிடுகிறார். 'பிரியமானவர்களே' வரைக்கும் அவர் விழித்திருந்து நான் பார்த்ததே இல்லை.

விஸ்வநத்தம் பக்கத்தில் எங்கள் சின்னக் கோயில். பெண்கள் பக்கம் நான்காவது பெஞ்சில், தூணோரம் அவர் இடம். அதற்குப் பின்னால் இருபது வருஷமாக என் இடம். வந்த புதிதில், அடடா, தலை குனிந்து என்னமாய் ஜெபிக்கிறார் என்று உருகிப்போயிருக்கிறேன். அப்புறம் குறட்டை கேட்டது.

வயது எழுபத்தாறு. சின்ன வயதிலேயே கணவர் போய்விட்டார், நாலு பிள்ளைகள். இந்தப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். அந்த நாளில் விடியுமுன்னே ஆபீஸ் பஸ் வந்துவிடும். பகலெல்லாம் அங்கே குச்சி அடுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து பெட்டி ஒட்டுவார். ஆறு நாளும் இதுதான்.

"ஏழாம் நாளு வீட்ல படுத்தா நாலு உருப்படியும் மேல ஏறி மிதிக்கும் டீச்சர். கோயில்ல கண்ண மூடினா ஒருத்தரும் எழுப்ப மாட்டாக. ஜெபம் பண்றான்னு நினைச்சுக்குவாக" என்று அவரே சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் கோயிலுக்கு வந்த ரகசியம் இதுதான். பாட்டு நம்பர் சொன்னதும் தாயாரைக் கிள்ளி எழுப்பிவிடுவது மூத்தவன் ஜெயசீலனின் பொறுப்பு. அந்த நாளில் கிள்ளிய கைக்கு இன்றைக்கு ஐம்பத்திரண்டு வயது. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் மிசின் ஓட்டுகிறது.

போன ஜூன் மாதம் பொன்னுத்தங்கம் மகனைக் கூப்பிட்டு, "ஏலே, ஆடிப் பதினெட்டுக்கு அப்புறம் காலண்டர் ஆர்டர் குவிஞ்சிரும். சீசன்ல நான் செத்தா எவன் மிசின் தருவான்? என் அட்டையை இப்பவே அடிச்சுப் போட்டுரு" என்று சொல்லியிருக்கிறார். அடக்க ஆராதனைக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பார்களே, அந்த நினைவு அட்டையைத்தான் சொன்னார். வேறு ஊர்ப் பிள்ளையாயிருந்தால் அழுதிருக்கும். ஜெயசீலன் சிவகாசிக்காரர். "ஆமாம்மா, இப்பத்தான் மிசின் சும்மா கிடக்கு" என்று போய் முந்நூறு அடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அட்டை பிரமாதம். பேத்தி கல்யாண போட்டோவிலிருந்து வெட்டிய முகம், பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மாளின் ஒரு காதோடு. தங்கக் கலரில் பெயர். மறைந்த நாள் என்று போட்டு எதிரே புள்ளிகள். பின்பக்கத்தைக் காலியாக விட மனசு வராமல், வருகிற வருஷத்துக் காலண்டரையும் அடித்துவிட்டார்.

"அந்த வருஷத்துக்குள்ள நான் போகலைன்னா அட்டை வீணாப் போயிரும். அவன் மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கு" என்று ஆடி கழிந்து ஒருநாள் அவர் வீட்டில் என்னிடம் ஒன்றை நீட்டினார். "வச்சுக்கங்க டீச்சர். அன்னைக்கிக் கூட்டத்துல உங்களுக்குக் கிடைக்குதோ என்னமோ."

எழுத்து பொடியாயிருக்கிறதென்று என்னை வாசிக்கச் சொன்னார். 'நான்கு பிள்ளைகளின் அன்புத் தாய். ஒன்பது பேரப்பிள்ளைகளின் பாசமிகு பாட்டி. ஞாயிறுதோறும் தேவ சமூகத்தில் விழித்திருந்து ஜெபித்தவர்.'

"என்னது? திருப்பி வாசிங்க."

வாசித்தேன். பொன்னுத்தங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

சாயந்தரம் மகன் வந்ததும் பிடித்துக்கொண்டார். நான் அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போக எனக்கென்ன கிறுக்கா?

"விழிச்சிருந்தேனாலே நானு? கிள்ளின உனக்குத் தெரியாது?"

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா போடுவாக. வர்ற நவம்பர்ல நான் கோயில் கமிட்டி எலெக்சன்ல நிக்கேன். இந்த நேரத்துல உங்க தூக்கத்தைத் தூக்கிட்டு வராதீக. ஏற்கெனவே எதிர் ஆளுங்க தூங்குமூஞ்சிக் குடும்பம்னு சொல்லுதாக."

"மாத்தி அடி."

"சீசன் ஆரம்பிச்சிருச்சும்மா. மிசின் கிடைக்காது."

பொன்னுத்தங்கம் அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சத்தம் இறங்கிப் பேசினார். "நாலு நல்லது போடு, வேண்டாங்கல. ஆனா தூங்கினதை எடுத்துட்டா நான் எம்புட்டு அலுத்துக் கெடந்தேன்னு ஒருத்தருக்குமே தெரியாமப் போயிருமேலே. அந்தத் தூக்கம் இல்லைன்னா நீங்க நாலு பேரும் ஏதுலே?"

ஜெயசீலன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என் காப்பி ஆறிப்போனது.

மறுநாளிலிருந்து பொன்னுத்தங்கம் பேனாவும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். பெட்டி ஒட்டிய கை அல்லவா, வேகம் குறையவில்லை. 'விழித்திருந்து ஜெபித்தவர்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'நன்றாகத் தூங்கினவர்' என்று ஒவ்வொரு அட்டையிலும் எழுதினார். மகன் அட்டைகளைப் பீரோ மேலே ஒளித்து வைத்தார். இவர் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தார். இந்த வயதில் ஸ்டூலா என்று நான் சண்டை போட்டதற்கு, "விழுந்தா என்ன, அட்டை ரெடியாத்தான இருக்கு" என்றார். இவரிடம் போய்ப் பேசுவேனா இனி!

எலெக்சன் ஞாயிறும் வந்தது. பண்டிகை வருகிறதென்று கோயில் தூண்களுக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஈரம், தொடாதீர்கள் என்று எழுதி ஒட்டியிருந்தது. பொன்னுத்தங்கத்துக்குச் சாய இடமில்லை. அதற்காகத் தூங்காமல் இருப்பாரா? பிரசங்கம் தொடங்கியதும் தலை தொங்கியது, அப்புறம் உடம்பே தூண் பக்கமாகச் சரிந்தது. நான் கையை நீட்டுவதற்குள் ஆண்கள் பக்கத்திலிருந்து ஜெயசீலன் எழுந்து வந்துவிட்டார். ஓட்டுக் கேட்பதற்கென்றே எடுத்த புது வெள்ளைச் சட்டையோடு, சபை முழுக்கப் பார்க்க, பெண்கள் பெஞ்சில் தாயாருக்கும் தூணுக்கும் நடுவே நெருக்கி உட்கார்ந்தார். தலை அவர் தோளில் விழுந்தது. சட்டையின் மறுதோளில் நீலப் பெயின்ட் அப்பிக்கொண்டது.

பிரசங்கம் முடிந்து போதகர் வேட்பாளர்களின் பெயரை வாசித்தார். ஒவ்வொருவராக எழுந்து கும்பிட்டார்கள்.

"ஜெயசீலன், எந்திரிங்க. சபையார் பாக்கட்டும்."

"இங்கனதான் இருக்கேன் ஐயா" என்றார் ஜெயசீலன், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி. "எந்திரிக்க முடியாது. அம்மா தூங்குறாக."

கோயிலே சிரித்தது. போதகரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாட்டு நம்பரைச் சொன்னார். எல்லாரும் எழுந்து நின்றோம். பழைய ஞாபகத்தில் ஜெயசீலனின் இரண்டு விரல் தாயாரின் கைச்சதை வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. பிறகு மேலே வந்து, விலகிக் கிடந்த முக்காட்டைப் பிடித்து மூக்கு வரைக்கும் இறக்கிவிட்டது.