டின்னா, தானியமா?

ஏற்காட்டில் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடாத வீடுகள் எங்கள் பக்கம் குறைவு. எங்கள் வீடு கொஞ்சம் கோணல், நாங்கள் பீர் போடுவோம். ஒரே ஒரு வாளி, வீட்டோடு சரி. காய்ச்சுவது என் கணவர், குறை சொல்வது நான்.

அவருடைய வழி டின் வழி. பெங்களூரிலிருந்து டின்னில் அடைத்த பார்லி மால்ட் பாகு வரும், வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக. அதைக் கொதிநீரில் கரைத்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டு, ஆறியதும் ஈஸ்ட் தூவினால் தீர்ந்தது. முளைகட்டி உலர்த்திய பார்லியை நாமே உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, அதன் இனிப்பை இறக்குவது இன்னொரு வழி. அதற்கு ஒரு பகல் முழுக்க அடுப்படியில் நிற்க வேண்டும். "யாரு மாரடிக்கறது?" என்று அந்தப் பேச்சையே அவர் எடுக்கவிடமாட்டார்.

போன மழைக்காலத்தில் அவருக்கு வந்த காய்ச்சல் அவருடைய மோப்பத்தைக் கொண்டுபோய்விட்டது. மற்றவர்களுக்கென்றால் சாம்பார் மணக்கவில்லை என்ற வருத்தத்தோடு போகும். இவருக்கு மூக்குதான் சோறு. கொட்டச்சேடு பக்கம் ஓர் எஸ்டேட்டில் வறுத்த காப்பியை மோந்து, ருசி பார்த்துத் தரம் சொல்வதுதான் வேலை. தினமும் காலையில் கிராம்பு, ஏலக்காய், மிளகு என்று மூக்கின் கீழே நீட்டுவேன். கண்ணால் பார்த்துவிட்டுப் பெயர் சொல்வார். ஒருநாள் கண்ணைக் கட்டினேன். குட்டு வெளிப்பட்டுவிட்டது. அன்று இருவருமே சாப்பிடவில்லை.

டிசம்பர் பிறந்ததும், "ஜனவரியில கணக்கெழுதற ரைட்டர் வேலைக்கு மாத்திக் கேக்கப் போறேன் புள்ள. டின்ன ஒடச்சு நீயே ஊத்திரு. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "டின்னு வேண்டாங்க. இந்த வாட்டி தானியந்தான். நாந்தான் காய்ச்சுவேன்," என்றேன். காரணம் சொல்லவில்லை. டின்னைத் திறந்தால் மணம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். தானியம் என்றால் பகல் முழுக்க வீடே மணக்கும், ஏதாவது ஒன்று உள்ளே போகாதா என்ற ஆசை.

பார்லி வந்தது. ஒன்றிரண்டாக உடைத்தால் போதும் என்று பையிலேயே எழுதியிருந்தது. காப்பி அரைக்கிற வீட்டுக்கு அரைப்பதைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும்? எங்கள் காப்பி மிஷினில் பில்டர் பதத்துக்கே வைத்து மளமளவென்று அரைத்துத் தள்ளினேன். துணிப்பையில் கட்டி வெந்நீரில் இறக்கினேன். சூடு குறையாமலிருக்கச் சிறு தீயும் வைத்தேன். மாவு துணி வழியாக இறங்கி, பாத்திரத்தில் இருந்தது முக்கால்வாசி களி. வடிகட்டியில் ஊற்றினால் சொட்டுக்கூட இறங்கவில்லை. திரும்பப் பாத்திரத்திலேயே கொட்டி, நானும் விடாமல் மேலே மேலே கிண்டிக்கொண்டிருந்தேன், தோற்றதை ஒப்புக்கொள்ளும் ஜாதியில்லை நான். அடியில் என்ன நடக்கிறதென்று பார்க்கவே இல்லை.

பின்வாசலில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவர் சத்தம் போட்டார்.

"ஏ புள்ள! என்னமோ தீயுது பாரு! அடி புடிச்சிருச்சு!"

"ஐயோ, ஆமாங்க!" என்று அடுப்பை அணைக்கக் கையை நீட்டினேன். பாதியிலேயே கை நின்றுவிட்டது. பின்வாசலிலிருந்து பார்த்தால் அடுப்பு தெரியாது. புகையும் அதுவரை எழவில்லை.

கையில் சோப்பு நுரையோடு அவர் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். கண்ணை மூடி, காப்பியை மோந்து பார்க்கும் அதே தினுசில் இழுத்து மூச்சு விட்டார். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். இப்போது நினைத்தாலும் அழுகை வருகிறது, அதில் எனக்கு வெட்கமில்லை.

மறுபடி குமிழைத் திருகப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அணைச்சுராத புள்ள. இன்னுங் கொஞ்சம் தீயட்டும்."

தீயவிட்டேன். பாத்திரம் போனால் போகிறது.