டோலினா வீட்டுத் துணிக்கொடி

டோலினா மக்காஸ்கில் பொய் சொல்லியே பிழைக்கிறாள் என்று ஹாரிஸ் தீவில் பேசிக்கொள்வார்கள். அது அநியாயம். வெளியூர்க்காரர்களை ஒரு வாரம் மலையிலும் கடலோரத்திலும் நடத்திக் கூட்டிப்போய், தன் வீட்டிலேயே தங்கவைத்துச் சாப்பாடு போடுவதற்குத்தான் அவளுக்குக் கூலி. பொய்யை அவள் இலவசமாகத்தான் கொடுத்தாள்.

மழை கொட்டினால் நடக்க வந்தவர்களின் முகம் தொங்கிப்போகும். அந்த நேரத்தில் ஒரு கதையை அவிழ்த்துவிட்டால் அடுத்த மேடு வரை கால் தானாக நகரும். முதுகில் சிவப்புச் சாயம் பூசிய ஆடுகள் கல்யாணமானவை, நீலம் பூசியவை வரனுக்குக் காத்திருப்பவை என்று சிரிக்காமல் சொல்வாள். லீட்ஸ் நகரத்திலிருந்து வந்திருந்த பிரஸ்காட் என்ற ஓய்வுபெற்ற பல் மருத்துவர் நீல ஆடுகளைப் பார்த்துப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டே நடந்தார்.

சனிக்கிழமை, வேலியோரம் அந்த ஊரில் ஆடு வளர்க்கும் டார்க்கில் எதிர்ப்பட்டதில் வந்தது வினை. பிரஸ்காட் ஆடுகளைப் பற்றிக் கேட்டார்.

"சிவப்பு என்னோடது. நீலம் பக்கத்து வீட்டுக்காரரோடது. அவ்வளவுதான்" என்றான் டார்க்கில். அவனுக்குப் பொய் வராது. டோலினா பின்னால் நின்று கண்ஜாடை காட்டியதுகூட அவனுக்குப் புரியவில்லை.

மனைவியை இழந்து தனியாக இருந்தவன் டார்க்கில். அவனும் டோலினாவும் ஒருவரையொருவர் விரும்பியது ஆடுகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் அவன் அவள் வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரு தனி ஆண் ஒரு தனிப் பெண்ணின் வீட்டுக்குச் சாப்பிடப் போனால், சர்ச்சில் கல்யாண அறிவிப்பு வாசித்த மாதிரி. பல வருஷம் மென்று விழுங்கிய பிறகு, நாளைக்கு வருகிறேன் என்று ஒருவழியாகச் சொல்லியிருந்தான். இன்னொரு தடவை அப்படிச் சொல்ல அவனுக்கு ஆயுசு போதாது என்று டோலினாவுக்குத் தெரியும்.

அன்று மாலை எல்லோரும் தொப்பலாக நனைந்து வீடு திரும்பினார்கள்.

"துணியை எல்லாம் இன்னிக்கே அடுப்படியில காயப் போட்டுக்கங்க" என்றாள் டோலினா. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஓய்வுநாள். எந்த வேலையும் செய்யக் கூடாது. வெளிக் கொடியில ஒரு கைக்குட்டைகூடத் தொங்கக் கூடாது. ஊரே பேசும்."

பிரஸ்காட் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "இதுவும் நீல ஆடுதானே?"

"இல்லைங்க, இது சத்தியமா நிஜம்."

"அதையும் இதே முகத்தோடதான் சொன்னீங்க!" என்று ஒரு அம்மா சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டோலினாவும் கூடச் சிரித்துத் தொலைத்தாள்.

மறுநாள் அபூர்வமாக வெயில் அடித்தது. சர்ச் இருந்தது விரிகுடாவுக்கு அந்தப் பக்கம். அதன் வாசல் நேராக டோலினா வீட்டைப் பார்த்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்த சனம் அப்படியே நின்றுவிட்டது. அவள் வீட்டுக் கொடியில் காலுறைகளும் பனியன்களும் ஆடிக்கொண்டிருந்தன. நடுவில் பிரஸ்காட்டின் நீளமான சிவப்பு உள்ளாடை.

"டோலினா, உன் வீட்டுல ஏதாவது திருவிழாவா?" என்றாள் பெக்கி. அந்த ஊரின் நாக்கு அவள்.

டோலினா ஓடவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஓடுவதும் தப்பு. வேகமாக நடந்தாள். ஊரும் பின்னாலேயே வந்தது. வேடிக்கை பார்க்கப் போகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் அன்றைக்கு அந்த வழியாகத்தான் வேலை இருந்தது.

கொடியடியில் போய் நின்ற பிறகுதான் அடுத்த சிக்கல் உறைத்தது. காயப் போட்டது குற்றம் என்றால், எடுப்பதும் வேலைதானே? ஓய்வுநாளில் அதை எப்படிச் செய்வது? நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

பிரஸ்காட் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து, வேலியோரம் நின்ற கறுப்புக் கோட்டுகளைப் பார்த்தார். "அப்ப... அது நிஜமா?"

"அது ஒண்ணுதான் நிஜம்" என்றாள் டோலினா. அவளுக்குப் பயமாக இருந்தது. ஊர் பேசுவதைப் பற்றியல்ல. டார்க்கில் திரும்பிப் போய்விடுவானே என்றுதான்.

டார்க்கில் வேலிக்கதவைத் திறந்தான்.

"டார்க்கில், சர்ச்சுல சங்கீதம் எடுத்துக்கொடுக்கிறவன் நீ. அதை மறந்துடாதே" என்றாள் பெக்கி.

அவன் நேராகப் போய் ஒரு காலுறையைக் கொடியிலிருந்து உருவினான். "ஓய்வுநாள்ல அவசியமான வேலையும் இரக்கமான வேலையும் செய்யலாம்னுதானே நமக்குச் சொல்லிக்கொடுத்தாங்க?"

"இதுல என்னடா அவசியம்?"

"எனக்குப் பசிக்குது. அது அவசியம். ஆட்டு விஷயத்தைப் போட்டு உடைச்சு இவ பேச்சைச் செல்லாக்காசா ஆக்கினது நான். இப்ப இவ முகத்தைப் பாரு. இரக்கம் வரலையா உனக்கு?"

அந்த சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. சர்ச்சில் டார்க்கில் ஒரு வரி பாடினால், மொத்தக் கூட்டமும் அந்த வரியைத் தொடர்ந்து பாடும். அவன் இரண்டாவது காலுறையை எடுத்தபோது யாரோ ஒரு கிழவர் உள்ளே வந்து ஒரு பனியனை எடுத்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் பெக்கியும் வந்தாள். மிஞ்சியிருந்தது சிவப்பு உள்ளாடைதான். முகத்தை வானத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டு விரலால் அதை எடுத்தாள்.

ஈரத்துணியைக் கை நிறைய அணைத்துக்கொண்டு டார்க்கில் சொன்னான்: "சூப் ஆறிடும், டோலினா. வா, நம்ம வீட்டுக்குள்ள போகலாம்."

"நம்ம வீடா?" என்றாள் பெக்கி.

டார்க்கிலின் காது சிவந்தது. ஆனால் சொன்னதை அவன் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் டோலினாவைப் பார்த்தார்கள். எதற்கும் ஒரு கதை வைத்திருப்பவளுக்கு அன்றைக்கு ஒன்றும் வரவில்லை, அழுகைதான் வந்தது. சந்தோஷத்தில், அத்தனை பேர் முன்னாலும், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள்.

"ஆமா பெக்கி. எங்க வீடுதான்" என்றாள்.

அதை மட்டும் ஒருவரும் சந்தேகப்படவில்லை.