நாலாம் நாள் எடுத்த படம்

கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையின் பெரியப்பாவைக்கூட "அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க" என்று பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்குத் திமிர் ஏறியிருந்தது. கேமரா கையில் இருந்தால் யாரையும் எங்கேயும் நிறுத்தலாம் என்கிற திமிர். மதுரை கே.கே. நகரில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. பள்ளிக்கூட அடையாள அட்டை, வளைகாப்பு, காதுகுத்து என்று சோறு போட்டதெல்லாம் அந்த வேலைகள்தான். ஆனால் மனசுக்குள் வேறு ஆசை. நிலத்தில் பாடுபடுகிறவர்களைப் படம் எடுத்து, பெரிதாகச் சட்டம் போட்டு, கண்காட்சி வைக்க வேண்டும். பொம்பளையாகப் பிறந்தவள் காட்டுமேட்டில் தனியாக அலைந்து எடுத்தாள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சோழவந்தான் பக்கத்து வெற்றிலை விவசாயி ஒருவர் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெற்றிலைக் கட்டு கொண்டுவந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெயிலும் தண்ணீரும் சேர்ந்து வதக்கிய முகம். "அண்ணே, வேலை செய்யும்போது உங்களைப் படம் எடுக்கலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"எடுங்க தங்கச்சி. எங்களையெல்லாம் எவன் எடுக்கப்போறான்."

கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். வரிசையாக அகத்தி மரம், அதில் ஏறுகிற வெற்றிலைக் கொடி, வரிசைக்கு வரிசை நடுவே தண்ணீர் ஓடும் வாய்க்கால். அதைத் தோட்டம் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை, கோயில் என்றுதான் நினைக்கிறார்கள். வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். வீட்டுக்குத் தூரமான, அதாவது மாதவிலக்கான, பெண்கள் ஐந்தாம் நாள் தலைக்கு ஊற்றுகிற வரைக்கும் உள்ளே கால் வைக்கக் கூடாது. வைத்தால் கொடி வாடிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

நான் போன அன்று வேலிப் படலருகே விவசாயியின் அம்மா நின்றிருந்தார். நெடிய உருவம், கையில் பன்னரிவாள். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, சுத்தமாத்தான வந்திருக்க?"

"ஆமா ஆத்தா," என்றேன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அன்று எனக்கு இரண்டாம் நாள். அடிவயிறு கழன்று விழுகிற மாதிரி வலி. காலையில் சமயநல்லூர் தாண்டும்போதே வண்டியை நிறுத்தி மாத்திரை போட்டிருந்தேன். இதற்காக இன்னொரு நாள் வர முடியுமா, அடுத்தடுத்து முகூர்த்தம் இருக்கிறதே, போங்கடா நீங்களும் உங்கள் தூரமும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

விவசாயி மூங்கில் ஏணியில் ஏறி, இடுப்பில் செருகியிருந்த கோரையை உருவி உருவிக் கொடியை அகத்தியோடு சேர்த்துக் கட்டினார். பிள்ளைக்குச் சடை பின்னுகிற மாதிரி, இறுக்காமலும் தளர விடாமலும். பச்சை வெளிச்சம் அவர் முதுகில் துண்டு துண்டாக விழுந்தது. நான் வாய்க்காலில் முழங்கால் நனைய நின்று எடுத்துத் தள்ளினேன். எல்லாம் நன்றாகத்தான் வந்தது. ஆனாலும் ஏணிக்குக் கீழே வெறிச்சென்று இருந்தது. அங்கே ஓர் ஆள் நின்று நிமிர்ந்து பார்த்தால்தான் படம் நிறையும்.

அவருடைய மனைவி வேலிக்கு வெளியே தூக்குச்சட்டியோடு நின்றிருந்தார். கிழவி அப்போது புல்லறுக்கப் போயிருந்தார். நான் வேலியோரம் போய், "அக்கா, உள்ள வந்து ஏணிகிட்ட நில்லுங்களேன்," என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு வேணாம்மா. எனக்கு நாலாம் நாளு. நாளைக்குனா தலைக்கு ஊத்திட்டு வாரேன்."

"அட, எனக்கு ரெண்டாம் நாள்க்கா. நான் உள்ள நிக்கலையா? வாங்க, ரெண்டே நிமிசம்."

அவர் கண் அகல என்னைப் பார்த்தார். பயமா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகம். ஏணியைத் திரும்பிப் பார்த்தார். கணவர் முதுகு காட்டி நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். படம் நிறைந்தது. என் ஆயுசில் அப்படி ஒரு படம் அதற்கு முன்னாலும் எடுத்ததில்லை, பின்னாலும் எடுக்கவில்லை.

பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டமடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிழவியே ஆணியடித்து நடுவீட்டில் மாட்டினார். மகன் ஏணியில் நிற்கிற கம்பீரத்தைத்தான் பார்த்தாரே தவிர, கீழே நின்ற மருமகளை அன்று அவர் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு மழை பிடித்தது. பத்து நாள் விடாத மழை. வாய்க்காலில் தண்ணீர் வடியாமல் நின்றது. ஒரு நாள் காலையில் விவசாயி போன் செய்தார்.

"தங்கச்சி, அந்தப் போட்டோ என்னைக்கு எடுத்தீக? தேதி வேணுமாம், அம்மா கேக்குது."

"ஒரு நிமிசம்ணே. கேமராவுலயே தேதி, நேரம் எல்லாம் பதிஞ்சிருக்கும்," என்று பெருமையடித்துக்கொண்டு, மணி நிமிஷத்தோடு சொன்னேன். எதற்கென்று கேட்கவே தோன்றவில்லை. கூறுகெட்ட சிறுக்கி என்று என்னை நானே திட்டிக்கொண்டது பின்னால்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் ஒரு காதுகுத்து. முடித்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் கொடிக்காலில் இறங்கிப் பார்த்தேன். ஏணி சார்த்தியிருந்த வரிசையில் தொடங்கி அடுத்த ஏழெட்டு வரிசையும் வெந்த கீரை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. கொடியைத் தொட்டால் வேரோடு கையில் வந்தது. அழுகின நாற்றம்.

வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அக்கா மாட்டுக்கொட்டத்துப் பக்கம் தரையில் தனியாக இருந்தார். கிழவி படத்தை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"அமாவாசைக்கு மறுநாளு இவ ஒதுங்குனா. தேதிய எண்ணிப் பாத்தா, அன்னைக்கு நாலாம் நாளு. இந்தா நிக்குறா பாரு, வாய்க்கால்ல கால வச்சுக்கிட்டு. இவ நின்ன வரிசைதான் மொதல்ல செத்துச்சு."

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. "ஆத்தா, இது வேரழுகல். மழைத்தண்ணி வடியாம நின்னா பூஞ்சாணம் பிடிக்கும். எந்த விவசாய ஆபீஸ்ல வேணாலும் கேளுங்க. தீட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்று கத்தினேன். போனில் தேடி நோய்ப் படங்களைக் காட்டினேன். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. விவசாயி தலையைக் குனிந்துகொண்டு தரையைக் கீறிக்கொண்டிருந்தார்.

அந்த அக்கா மட்டும் என்னையே பார்த்தார். கெஞ்சவுமில்லை, காட்டிக்கொடுக்கவுமில்லை, வெறுமனே பார்த்தார். நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "நான்தான் கூப்பிட்டேன், நானும் தூரமாத்தான் நின்னேன்." சொல்லியிருந்தால் மிஞ்சிப்போனால் என்னைத் திட்டி விரட்டியிருப்பார்கள். அதைச் சொல்லாமல் பூஞ்சாணத்தைப் பற்றி இன்னும் கால் மணி நேரம் பேசினேன். பயந்துவிட்டேன். அவ்வளவுதான் உண்மை.

அவரை அப்பா வீட்டுக்கு, சமயநல்லூருக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது படிக்கிற மகளை மட்டும் தங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் மூன்று வாரம் தாக்குப்பிடித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. தேடிப் போனேன். ரோட்டோரத்து டீக்கடைக்குப் பின்னால் ஓட்டு வீடு. துணி துவைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து ஈரக்கையோடு சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"அக்கா, என்னால உங்களுக்கு இந்தக் கதி. நான் போய் உங்க மாமியாட்ட எல்லாத்தையும் சொல்லிர்றேன்," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"வேணாம்மா. சொல்லணும்னா அன்னைக்குச் சொல்லியிருக்கணும். இப்ப ஆறிக்கிட்டு வருது. மாசியில புதுக்கொடி நடயில கூட்டிட்டு வந்துரலாம்னு அத்தையே சொல்லிருச்சாம். அவரு போன்ல சொன்னாரு. பிள்ளை தினமும் நாள எண்ணிக்கிட்டு இருக்கா. நீங்க போகாதீக."

"உங்க மேல பழிய வச்சுக்கிட்டு நான் எப்படிக்கா நிம்மதியா இருக்குறது?"

"உங்க நிம்மதிக்காண்டி போறேங்குறீக," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். மதுரைக்குத் திரும்ப வேண்டிய வண்டியைச் சோழவந்தானுக்குத் திருப்பினேன். பழியைத் தூக்கி என் தலையில் வைத்துக்கொண்டால் அவர் தலையிலிருந்து அது இறங்கிவிடும் என்று நினைத்தேன். என்ன ஒரு தைரியசாலி நான் என்றுகூட வழியில் தோன்றியது.

கொடிக்காலை அழித்திருந்தார்கள். விவசாயி பட்ட கொடிகளைக் குவித்துக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே கிழவி ஆடுகளுக்கு அகத்திக் குழையைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் நின்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் குழையைக் கீழே வைத்தார்.

"எத்தனாம் நாளு?"

"ரெண்டாம் நாளு ஆத்தா. பொய் சொல்லிட்டு உள்ள போனேன். அக்கா வரமாட்டேன்னுதான் சொன்னாங்க. நான்தான் வற்புறுத்திக் கூப்பிட்டேன்."

"நீ தூரம்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொன்னேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

கிழவியின் முகம் மாறியது. ஆனால் என்னைப் பார்த்து அல்ல.

"தெரிஞ்சுமா உன்னய உள்ள நிக்க விட்டா? தெரிஞ்சுமா இம்புட்டு நாளு, என் வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு, வாயத் தொறக்காம இருந்தா?"

"ஆத்தா, என்னைத் திட்டுங்க. தப்பு என்னோடது."

"நீ டவுன்காரி. வந்த, போயிருவ. உன்னயத் திட்டி என்ன ஆகப்போகுது? அவ இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ. தெரியாம நின்னுட்டா, சின்னப்புத்தினு நெனச்சேன். அவ தெரிஞ்சே மறைச்சிருக்கா." குரல் உடைந்து ஓங்கியது. மகனைப் பார்த்துத் திரும்பினார். "ஏப்பா, கேட்டயில்ல? மாசியில கூட்டியாறதெல்லாம் வேணாம். அவ அப்பனுக்குப் போனப் போட்டுச் சொல்லிரு."

நான் அவர் பக்கம் ஓடினேன். "அண்ணே, வேணாம்ணே. அக்கா என்னைப் போகாதன்னுதான் சொன்னாங்க. நான்தான் கேக்காம வந்தேன்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கையில் ஒட்டியிருந்த சேற்றை வேட்டியில் துடைத்துவிட்டு, போனை எடுத்தார்.