இருபத்திரண்டரை அங்குல முக்காலி

அந்த முக்காலியின் உயரம் இருபத்திரண்டரை அங்குலம். சாதாரண நாற்காலியைவிட நாலரை அங்குலம் அதிகம். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து கழித்துப்போட்ட தேக்குக் கட்டையில் செய்தது. எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. உட்காரும் பலகையின் இடப்பாதி முன்பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருந்தது. அந்தச் சரிவுக்குக் காரணம் ஒரு மனிதரின் மடங்காத இடது கால். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். சென்ற மாதம் சேலத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில், காலமான எங்கள் சிறு ஜமீன்தாரான மிட்டாதாரைப் பழம்பொருள்களின் காவலர் என்று புகழ்ந்த ஒருவர், அந்தச் சரிவுக்கு வேறு காரணம் சொன்னார். கூட்டம் பக்தியோடு தலையசைத்தது. எனக்கு உடம்பு எரிந்தது.

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே இருந்த மிட்டாதாரின் பங்களாவில் பதினோரு ஆண்டுகள் ரைட்டராக இருந்தேன். ஏற்காட்டுத் தோட்டத் துரைமார்கள் சீமைக்குத் திரும்பும்போது ஏலத்தில் விட்டுப்போகும் நாற்காலிகளை, மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் குழந்தையை இறக்குவதுபோல் மலையிலிருந்து இறக்கி வருவார். பிரம்பு பின்னியது, சிங்கமுகக் கைப்பிடி வைத்தது, வெல்வெட் தைத்தது என்று கூடத்தில் நாற்பத்தொரு நாற்காலிகள். சுவரோரம் ரயில்வே கைவிளக்குகள், ஒரு ஸ்டேஷன் மணி, துரைமார்கள் ஆடிய பந்து மட்டைகள். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் ஒரு சீட்டு தொங்கும். நாற்காலிகளின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருக்கும். எவரும் உட்காரக் கூடாது. நானும் அந்தக் கூடத்தில் நின்றபடியேதான் எழுதினேன்.

எங்கள் பக்கத்தில் பெரிய வீட்டில் விசேஷம் என்றால் ஊரிலுள்ள பெஞ்சும் நாற்காலியும் அங்கே போய்ச் சேரும். அடியில் அவரவர் சுண்ணாம்பால் அடையாளம் போட்டிருப்பார்கள். விசேஷம் முடிந்த மறுநாள் எல்லாம் வீடு திரும்பும். கேட்டு இல்லையென்றவர் கிடையாது. ஆகவே நாற்பத்தொரு நாற்காலிகளைப் பார்க்க வருகிற விருந்தாளிகள் உட்காருவதற்கு ஊரில் நாற்காலி இரவல் வாங்குவோம். இதில் இருந்த கேலிக்கூத்து அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

ஏற்காட்டிலிருந்து ஒரு துரை வந்தபோது அப்படி இரவலாக வந்ததுதான் அந்த முக்காலி. அதன் சொந்தக்காரர் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். இரண்டு வண்டிகளுக்கு நடுவே கால் நசுங்கி வேலையை விட்டவர். தரையில் உட்கார்ந்தால் அவரால் எழ முடியாது. கட்டிலில் உட்கார்ந்தாலும் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். தன் காலுக்குத் தானே அளவெடுத்து அதைச் செய்துகொண்டார். ஆள் போய்க் கேட்டதும், ஒரு நாள் நின்றுகொள்ளலாம் என்று கொடுத்தனுப்பியிருக்கிறார்.

துரை நாற்பத்தொன்றையும் பார்த்துக்கொண்டே நடந்தார், நிற்கவில்லை. ஓரத்தில் கிடந்த முக்காலியின் முன்னால் நின்றார். குனிந்து சரிவைத் தடவி, இது என்ன என்று கேட்டார். மிட்டாதார் கண் இமைக்காமல் சொன்னார்: இந்தச் சீமைக்கு முதல் ரயிலை ஓட்டிவந்த துரை உட்கார்ந்தது, என்ஜின் ஆட்டத்தில் சறுக்காமல் காலை ஊன்றத்தான் அந்தச் சரிவு. துரை தொப்பியைக் கழற்றினார்.

அவர் போன பிறகு மிட்டாதார், "ரைட்டரே, அதுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கட்டீருங்க" என்றார்.

"எசமான், அது இரவலுங்க. பாயிண்ட்ஸ்மேன் ஊட்டுது."

"அப்ப நான் துரைகிட்டப் பொய் சொன்னேன்னு சொல்றீங்களா?"

மழையளவைக்கூட அங்குலம் பிசகாமல் நாட்குறிப்பில் எழுதுகிற நான், அந்தப் பொய்யையும் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதி, சிவப்பு நாடாவோடு கட்டினேன்.

மூன்றாம் நாள் காலை பாயிண்ட்ஸ்மேனே தடியூன்றி வந்தார். மிட்டாதார் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அத்தனை நாற்காலிகளுக்கு நடுவே, அந்தக் காலோடு, அவர் நின்றார்.

"ஏனுங்க ரைட்டரு, நம்ம முக்காலிக்குத் தாலி கட்டீட்டீங்களாட்ட இருக்குது?" என்று நாடாவைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் சிரிப்பும் நின்றது.

மிட்டாதார் வந்து, "அது இங்கேயே இருக்கட்டுமப்பா. உனக்கு நல்லதா வேற நாற்காலி தரச் சொல்றேன்" என்றார்.

"எனக்கு அந்த ஒசரந்தானுங்க ஆவும். மத்ததுல உக்காந்தா எந்திரிக்க முடியாதுங்க."

"அது உன்னுதுன்னு என்ன அத்தாட்சி?"

"அடியில சுண்ணாம்புக் குறி இருக்குதுங்க. ரைட்டரு எழுதியும் வெச்சிருப்பாருங்க. ஏனுங்க சாமி, எழுதுனீங்கல்ல?"

முக்காலியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பலகை சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. இரவல் பட்டியல் என் மேசைமேல் இருந்தது. அதில் ஏழாவது வரி: முக்காலி ஒன்று, பாயிண்ட்ஸ்மேன் வீடு. மிட்டாதார் அந்த வரியின்மேல் விரலை வைத்தார். நான் பேனாவை எடுத்து அதை அடித்தேன். பாயிண்ட்ஸ்மேனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பேனா குறுக்கே போனதைப் பார்த்தார். "வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூடத்து முக்காலியை அளந்து, அதே உயரம், அதே சரிவோடு வேம்பில் ஒன்று செய்வித்து, பத்தாம் நாள் ஆளைத் தூக்கவைத்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் நின்றபடியே, மதில்மேல் வட்டிலை வைத்துக் கம்மஞ்சோறு தின்றுகொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து பலகையின் சரிவைத் தடவினார். ஒரு நூல் அளவுகூடத் தப்பவில்லை. அது எனக்குத் தெரியும்.

"அளவெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது," என்றார். "இது ஆரு உக்காந்ததுன்னு எழுதப் போறீங்க, சாமி?"

அவர் மனைவி, "வெயில்ல வந்திருக்காங்க, என்ன பேச்சு இது! உக்காந்துதான் பாருங்களேன்" என்றார். பாயிண்ட்ஸ்மேன் உட்காரவில்லை. தடியால் முக்காலியை என் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"நீங்க உக்காருங்க. அங்கயும் நின்னுட்டேதான இருக்கறீங்க."