நான்கு படங்களில் வானத்தைத் திருப்பிப் போட்டேன்

1. டாலர் குறி

பிள்ளைகளா, நான் பத்தாவது பாஸ். இங்கிலீஷ் டைப்பிங் ஹையர் பாஸ். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு 1991இல் பெங்களூரில் ஒரு வானியல் ஆராய்ச்சி நிலையத்தில் டெம்பரவரி டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்காரர்கள், "தனபாலு ராக்கெட் வுடுற எடத்துல வேல பாக்குறான்" என்று சொல்லிக்கொண்டார்கள். அங்கே ராக்கெட் கிடையாது. பெரிய டெலஸ்கோப்பும் கிடையாது, அது வேறு ஊரில் ஒரு மலைமேல் இருந்தது. எங்கள் கட்டிடத்தில் இருந்ததெல்லாம் பேப்பர், மேலும் பேப்பர், ஒரு கேன்டீன்.

முதல் நாள் டாக்டர் வரதன் என்கிற விஞ்ஞானியின் அறைக்கு அனுப்பினார்கள். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். பெரிய படிப்பாளி. ஆனால் ஆட்டோக்காரரிடம் "லெஃப்ட்ல திருப்பு" என்று சொல்லிவிட்டு வலது கையை நீட்டுகிற ஆள். அவரோடு ஆட்டோவில் போகிறவர்கள் கையைத்தான் பார்ப்பார்கள், வாயை நம்ப மாட்டார்கள்.

அதற்கு முன்னால் நான் ஒரு வக்கீலிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே கண்ணில் பட்டதை அடித்தால் போதும். இங்கே கம்ப்யூட்டர். 'ஆல்ஃபா' என்ற கிரேக்க எழுத்து வேண்டுமென்றால் முதலில் டாலர் குறி, பிறகு ஒரு சாய்கோடு, பிறகு ஆல்ஃபா என்று எழுத்துக்கூட்டி அடித்து, முடிவில் இன்னொரு டாலர். மூடுகிற டாலரை மறந்தால் அந்த பாரா முழுவதும் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிச் சாய்ந்து படுத்துக்கொள்ளும், கல்யாண வீட்டில் ராத்தங்கின ஆட்கள் மாதிரி.

"சார், இதுல தப்பு வந்தா யார் கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் கண்டுபிடிக்க மாட்டா. அதான்பா பயம்" என்றார்.

2. ஊர் வம்பு, ஆதாரத்தோடு

இரண்டாம் வருடம் வரதன் சாருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெரிய ரெவ்யூ பத்திரிகை ஒன்று அவரைக் கட்டுரை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தது. நிலையமே கேசரி சாப்பிட்டது.

ரெவ்யூ என்றால் புதிதாக ஒன்றும் கண்டுபிடிப்பதில்லை. ஒரு விஷயத்தைப் பற்றி உலகத்தில் இருக்கிற எல்லோரும் பல வருடமாக என்னென்ன சொன்னார்கள், அதில் யார் சரி, யார் உளறினார் என்று மரியாதையாகச் சொல்வது. நம் தெருக்குழாயடியிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஆனால் குழாயடியில் ஆதாரம் கேட்க மாட்டார்கள். இங்கே ஒவ்வொரு வரிக்கும் யார், எந்த வருடம், எந்தப் பக்கம் என்று கடைசியில் பட்டியல் போட வேண்டும்.

அந்தப் பட்டியல்தான் உயிரை வாங்கும். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயரை விட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும். ஒரு ஜெர்மன்காரர் பெயரை விட்டுவிட்டோம் என்று சார் பாதி இட்லியோடு எழுந்து ஓடி வந்த காலை எனக்கு நினைவிருக்கிறது.

அனுப்புவதற்கும் சட்டம் உண்டு. மூன்று காப்பி. டபுள் ஸ்பேஸ். தாளில் ஒரு பக்கம்தான் பிரின்ட். படங்களைத் தனியாகப் பளபளப்பு போட்டோ பேப்பரில் போட்டு, முதுகில் மெல்லிய பென்சிலால் படத்தின் எண், எழுதியவர் பெயர், 'மேல் பக்கம்' என்று ஓர் அம்புக்குறி. அழுத்தி எழுதினால் முன்பக்கம் மேடு தட்டும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவேன்.

போட்டோக்களை டார்க் ரூமில் கரீம் பாய் போடுவார். சிவாஜிநகர்க்காரர். ரிட்டயராக இரண்டு வருடம் இருந்தது. நட்சத்திரங்களைப் பற்றி அவர் கருத்து ஒன்றே ஒன்றுதான்: "தூசு வேற, நட்சத்திரம் வேற. ரெண்டயும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் இந்த வேல."

எனக்கு அப்போது ஒரே கவலை. டெம்பரவரி காலம் முடியப் போகிறது. வரதன் சார் ஃபைலில் நல்லபடியாக நாலு வரி எழுதினால் நான் பர்மனென்ட். எழுதாவிட்டால் மறுபடி வக்கீல் வீட்டுப் படி.

3. அட்லஸ்

கட்டுரையை அனுப்ப வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு முன்பே சார் மலைமேல் அப்சர்வேட்டரிக்குப் போய்விட்டார். கவரிங் லெட்டரில் கையெழுத்துப் போட்டுவைத்திருந்தார். அங்கே போன் பேசினால் மழைச் சத்தம்தான் கேட்கும்.

கடைசியாக ஒரு தடவை சரிபார்த்தேன். நன்றாக வேலை செய்கிறேன் என்று காட்ட ஆசை. அதுதான் வினை. ஒரு கேலக்ஸிக்குக் கிழக்கே வால் மாதிரி ஒன்று நீள்கிறது என்று கட்டுரையில் இருந்தது. படத்தைப் பார்த்தேன். வடக்கு மேலே இருக்கிறது, சரி. வால் இடது பக்கம் போகிறது! அங்கேயே கிழக்கு என்று எழுத்தும் ஒட்டியிருக்கிறது. இதே மாதிரி நாலு படம்.

என் மகள் செல்வி அப்போது நாலாம் வகுப்பு. மத்தியானம் வீட்டுக்கு ஓடி அவளுடைய ஸ்கூல் அட்லஸைக் கொண்டுவந்து டார்க் ரூம் கதவைத் தட்டினேன்.

"பாய், நெகட்டிவை முன்பின்னா மாத்தி வெச்சுப் போட்டுட்டீங்க. கெழக்கு எப்பவும் ரைட்டுலதான் வரும். இங்க பாருங்க, கல்கத்தா எந்தப் பக்கம்? பம்பாய் எந்தப் பக்கம்?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அரே, பதினெட்டு வருசமா நான் லெஃப்ட்லதான்பா ஒட்றேன்."

"அப்ப பதினெட்டு வருஷமா தப்பு."

"சார் சொல்லித்தான் ஒட்றேன்."

"எந்த சார்? ஆட்டோக்காரனுக்கு வழி சொல்ற சாரா?"

கரீம் பாய் கொஞ்ச நேரம் கல்கத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொஸ்தகத்துல போட்டிருக்கான். நான் என்னாத்த கண்டேன்" என்று நெகட்டிவைத் திருப்பி வைத்தார். நாலு படம், மூன்று செட், பன்னிரண்டு பிரின்ட். கிழக்கை வலது பக்கம் ஒட்டினோம். பார்சல் போயே போய்விட்டது. அன்றைக்கு நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

4. ஃபேக்ஸ்

மூன்று வாரம் கழித்து ஃபேக்ஸ் வந்தது. பத்திரிகை எடிட்டர் நல்ல நக்கல்காரர். நாலு படங்களின் எண்ணைக் கொடுத்து, "இவற்றில் வானம் கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கிறது. இது தங்களுடைய புதிய கண்டுபிடிப்பென்றால் ரெவ்யூவில் சேர்க்க இயலாது. தவறென்றால் பத்து நாளில் சரியான படங்கள் வேண்டும். தவறினால் கட்டுரை அடுத்த தொகுதிக்குப் போகும்" என்று எழுதியிருந்தார்.

வரதன் சார் முகம் தக்காளி மாதிரி ஆனது. "ஏனு இது!" என்று கன்னடத்தில் கத்தினார். "உலகமே சிரிக்கும்! கூப்பிடு கரீமை!"

கரீம் பாய் வந்தார். நான் அங்கேயே, அலமாரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். படம் திரும்பியிருந்தால் டார்க் ரூம்தான் காரணம் என்பது எல்லா ஆபீசிலும் தீர்ப்பு. டைப்பிஸ்ட்டை யார் சந்தேகப்படுவார்கள்?

"என்ன கரீம் இது?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "கை தவறிடுச்சு சார். கண்ணும் முந்தி மாதிரி இல்ல."

சார் மெமோ எழுதத் தாளை இழுத்தார். பிள்ளைகளா, உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். நான் சும்மாதான் நின்றேன். ஃபைலில் வரப்போகிற நாலு வரி கண்ணுக்குள் ஓடியது. சார் தேதி எழுதினார். கரீம் பாய் பெயரின் முதல் எழுத்தையும் எழுதினார். அப்போதுதான் என் வாய் திறந்தது.

"சார், திருப்பச் சொன்னது நான். அவரு வேணாம்னாரு. அட்லஸ் காட்டி ஏமாத்திட்டேன்."

"என்ன காட்டி?"

"அட்லஸ் சார். எம்பொண்ணோடது."

பெரிய படிப்பாளி தப்பு செய்தால் அதைக் கருதுகோள் என்பார்கள். நம்மைப் போன்றவர் செய்தால் மெமோ. எனக்கு மெமோ வரவில்லை. அதைவிட மோசமாக ஒன்று வந்தது. "பழைய பிரின்ட்டை எடுத்துண்டு மாடிக்கு வா" என்றார்.

5. வடக்கே தலை

காலை ஒன்பதரை. மொட்டை மாடி. சார் தரையைக் காட்டினார். "படு. மல்லாக்க. தலை வடக்க."

"சார், வடக்க தல வெச்சுப் படுக்கக் கூடாது சார்."

"எமன் வந்தா நான் பேசிக்கறேன். படு!"

படுத்தேன். பின்னால் வந்த கரீம் பாய் நிழலில் ஒதுங்கி நின்று ரசித்துக்கொண்டிருந்தார். சார் அந்த பிரின்ட்டை என் முகத்துக்கு நேர் மேலே பிடித்தார், வடக்கு என் தலைப்பக்கம் இருக்கும்படி.

"எந்தக் கன்னம் சுடறது?"

"லெஃப்ட் சார்."

"சூரியன் காத்தால எங்க இருக்கும்?"

"கெழக்க..." அதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. படத்தில் கிழக்கு என்ற எழுத்தும் அந்தப் பக்கமே இருந்தது.

"அட்லஸ்காரன் பூமியைக் குனிஞ்சு பாக்கறான். நாங்க வானத்தை அண்ணாந்து பாக்கறோம். அவ்வளவுதான்பா வித்தியாசம். எழுந்திரு, சட்டையெல்லாம் சுண்ணாம்பு."

நீங்களும் ஒரு நாள் காலையில் படுத்துப் பாருங்கள். அம்மா கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

அன்றைக்கே பன்னிரண்டு பிரின்ட்டும் திரும்பப் போட்டு கூரியரில் அனுப்பினோம். பத்து நாளுக்குள் போய்ச் சேர்ந்தது. கட்டுரை அந்தத் தொகுதியிலேயே வந்தது.

என் ஃபைலில் சார் எழுதியது இதுதான்: "தவறைத் தானே ஒப்புக்கொண்டார். ஆனால் கேட்காமல் திருத்துகிறார். டெம்பரவரி ஆறு மாதம் நீட்டிப்பு." ஃபைலோடு அவர் முன்னால் போய் நின்றேன். "உள்ளதைத்தானே எழுதினேன். ஆறு மாசம் கேட்டுக் கேட்டுப் பண்ணு" என்றார்.

கேட்டேன். இந்தப் புள்ளி ஏன் சார், இந்தக் கோடு எதற்கு சார் என்று சாப்பாட்டு நேரத்திலும் கேட்டேன், கை கழுவுகிற இடத்திலும் கேட்டேன். ஆறு மாதம் முடிந்த அன்று அவரே அட்மினுக்கு நடந்து போய், "இவனை பர்மனென்ட் பண்ணி வேற யார் ரூமுக்காவது அனுப்புங்கோ" என்றாராம். பண்ணினார்கள். அனுப்பவில்லை.

ஆர்டரை எடுத்துக்கொண்டு டார்க் ரூமுக்குப் போனேன். அன்றைக்கு ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று அப்போதுதான் கேட்கத் தைரியம் வந்தது.

"நான் பர்மனென்ட்டுபா. என்னைத் திட்டலாம், அவ்ளோதான். உன்ன வூட்டுக்கே அனுப்பிடுவாங்க" என்றார் கரீம் பாய். "இப்ப நீயும் பர்மனென்ட்டு. இனிமே டெம்பரவரிங்க தப்பு பண்ணா நீ போய் முன்னால நில்லு."

நான் கற்ற பாடம் இரண்டு. திருத்துவதற்கு முன், போட்டவரைக் கேட்க வேண்டும். நம் தப்புக்கு இன்னொருவர் தலை குனிந்தால், அவர் நிமிர்வதற்குள் நாம் வாயைத் திறந்துவிட வேண்டும். எனக்குக் கொஞ்சம் தாமதம்தான்.

அதன் பிறகு என் சர்வீஸில் மூன்று டெம்பரவரிகளுக்காக முன்னால் போய் நின்றிருக்கிறேன். ஒரு பெண் மட்டும் உடனே, "இல்ல சார், தப்பு என்னோடது" என்றாள். மற்ற இரண்டு பேரும் வாயைத் திறக்கவே இல்லை. இப்போது அவர்கள் ஆபீசர்கள்.