அத்தை குதிரையில் ஊருக்குள் போன காலை

குதிரை வேர்வைக்கென்று ஒரு வாசம் உண்டு. நனைந்த தோல் செருப்பும் பச்சைப் புல்லும் கலந்த மாதிரி... கையில் ஒட்டினால் சோப்புப் போட்டாலும் லேசில் போகாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு முன்னால் குதிரையில் போய்க்கொண்டிருந்தவர் எங்கள் அத்தை. அதாவது என் மாமியார். சுடிதார், மகனுடைய ஷூ, தலையில் ஹெல்மெட். கொண்டை மேல் ஹெல்மெட் உட்காராததால் ஒற்றைச் சடை வேறு!

அப்போது தாராபுரத்தில் குடியிருந்தோம். ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில், கோயம்புத்தூர் உக்கடத்துக்காரர் முபாரக் அண்ணன் குதிரைப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தார். நானும் என் வீட்டுக்காரரும்தான் சேர்ந்தோம். முதல் நாளே குதிரை ஒரு தும்மல் போட்டது. மனுஷன் ஓடிப்போய் காருக்குள் உட்கார்ந்துகொண்டார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த அத்தையிடம் முபாரக் அண்ணன் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். "நீங்க ஏறிப் பாக்கறீங்களாம்மா?"

ஏறிவிட்டார்! அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட விடவில்லை.

சில மாதங்கள் கழித்து முதல் முறையாக, பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து வெளியே கிளம்பினோம். ஐந்து குதிரைகள், ஒன்றன் பின் ஒன்றாக. முன்னால் முபாரக் அண்ணன். வாய்க்கால் மேட்டில் பனி இன்னும் காயவில்லை. மக்காச்சோளக் காட்டுக்குள்ளிருந்து ஒரு மயில் படபடவென்று கிளம்பியது பாருங்கள்... என் குதிரை துள்ள, நான் "ஐயோ சாமி" என்று கத்திவிட்டேன். அத்தை தன் குதிரையின் கழுத்தைத் தட்டி, "மயிலுதாண்டி... நட, நட" என்றார். அவ்வளவுதான்.

வாய்க்கால் பாலத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று காட்டு வழி. இன்னொன்று ஊருக்குள் போவது.

அந்த ஊர்... அத்தை பிறந்த ஊர்.

மாமா தவறி ஒரு வருடம் ஆகியிருந்தது. துக்கத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் அத்தை அங்கே போனார். வீதியில் இறங்கினாலே "ஐயோ பாவம்" என்று நாலு பேர். கூடப்பிறந்த அண்ணனோ தங்கச்சியைப் பார்த்ததுமே துண்டால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். திரும்பி வரும்போது அத்தை காரில் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. "செத்துப்போனது உங்க மாமா கண்ணு. என்னைய எதுக்கு எல்லாரும் அப்பிடிப் பாக்கறாங்க?"

பிறகு அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை.

நான் அவசரமாகச் சொன்னேன். "அண்ணா, காட்டு வழியாவே போயர்லாங்க."

அத்தை குதிரையை ஊர்ப் பக்கம் திருப்பினார். "வேண்டாங்க முபாரக்கு. ஊருக்குள்ளயே போலாங்க."

பரிதாபப்பட்டவர்களே இனிமேல் என்னென்ன பேசுவார்களோ? புருஷன் போய் ஒரு வருடத்தில் குதிரைச் சவாரி கேட்குதா என்று கேட்டுவிட்டால்?

ஊருக்குள் நுழைந்ததும் பேக்கரி வாசலில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. டீ கிளாஸ் பாதியிலேயே நின்றது. எதிரே பால் கேனோடு டிவிஎஸ்ஸில் வந்துகொண்டிருந்தவர்... வேறு யார், அத்தையின் அண்ணன்தான்!

குதிரை மிரளக் கூடாதென்று வண்டியை ஓரம் கட்டி அணைத்தார். அப்புறம்தான் மேலே பார்த்தார். குதிரை மேல் தங்கச்சி!

அத்தை கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தினார். எங்கள் வரிசையே நின்றது.

"ஏனுங்கண்ணா, நல்லாருக்கறீங்களா?"

அவர் கை தோளில் கிடந்த துண்டுக்குப் போனது. போச்சுடா, அழப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் அத்தையை ஒரு பார்வை, குதிரையை ஒரு பார்வை பார்த்தார்.

"எறங்கு அம்மிணி... அந்தக் குதிரை பாவம்!"

பேக்கரியே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது எங்கள் அத்தை. மாமா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "உங்களைய ஏத்துனாத்தானுங்க அது பாவம்!" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டினார். ஊர் எல்லை வரைக்கும் முதுகு வளையவில்லை. என்ன ஒரு மனுஷி!

இப்போது அந்தத் தோப்பு வீட்டுமனை சைட்டாகிவிட்டது. முபாரக் அண்ணன் குதிரைகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். வாய்க்கால் மேட்டில் தார் ரோடு. நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து ஏசி காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறோம். மயில் கத்துவதுகூடக் கேட்பதில்லை. அத்தைக்கு மூட்டு வலி, படி ஏறவே யோசிக்கிறார். எனக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் மேல் இன்னும் ஏக்கம்.

போன மாதம் அதே ஊரில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த புதுமருமகள் ஒருத்தி, அத்தையைக் காட்டி இவர் யார் என்று பக்கத்திலிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டாள்.

முன்பென்றால் என்ன பதில் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போது அந்தம்மா சொன்னார்: "இவிங்களைத் தெரியாதா? நம்மூருக்குள்ள குதிரையில வந்தாங்களே, அவிங்கதான்!"

அத்தை காதில் விழாத மாதிரியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் முதுகு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்தது.